சுளுக்கிய காலும் சாப் இல்லாத கடிதமும்

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) முடிந்து வரும்போது லோங்காங் (சாக்கடை) மூடி ஆடியது. இடது பாதம் உள்பக்கம் மடங்கி, வெளிக் கணுக்காலில் சுருக்கென்றது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "சுளுக்குத்தான், ரெண்டு தடவ உருவுனா போயிடும்" என்று அத்தை தைலத்தைச் சுடவைத்து அழுத்தி உருவினார். விடிந்ததும் பார்த்தால் கால் பலாக்காய் மாதிரி இருந்தது. முதல் இரண்டு மூன்று நாள் உருவக் கூடாது, சூடும் வைக்கக் கூடாது. அறுந்த தசைநாரில் கசியும் ரத்தம் கூடும். அத்தை மேல் கோபமில்லை. காலை நீட்டியது நான்தானே.

கிளினிக்குக்கு ஐசியை (அடையாள அட்டையை) மறந்து போனேன். மகன் மோட்டாரில் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்து வந்தான். டாக்டர் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அமுக்கினார், நாலு அடி நடக்கச் சொன்னார். இரண்டோடு நின்றுவிட்டேன். எக்ஸ்ரே எடுக்க டவுன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். வேனுக்குக் காசு கொடுத்துப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, கடிதத்தில் சாப் (முத்திரை) இல்லை, செல்லாது என்றார் கவுண்டரில் இருந்தவர். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு திரும்பினேன். கடிதம் வாங்கினால் அந்த இடத்திலேயே சாப் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுநாள் எக்ஸ்ரே ஆனது. எலும்பு முறியவில்லை.

நான் மிரண்டது அப்புறம்தான். அடிபட்டது கணுக்காலில், மூன்றாம் நாள் நாவல்பழ நிறம் விரல் வரை இறங்கியிருந்தது! புதிதாக எதுவும் உடையவில்லையாம். கசிந்த ரத்தம் தன் பாரத்தால் கீழே வடிகிறது, அவ்வளவுதான். அதை முன்பே ஒருவராவது சொல்லியிருக்கலாம். அப்புறம் பச்சை, மஞ்சள் என்று மாறி மூன்றாம் வாரம் மறைந்தது. இரண்டு தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் படுத்ததும், துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடத்துக்கு மேல் வைக்காததும் உதவின. விரல் மரத்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

நிறம் போனதும் கால் சரியாகிவிட்டது என்று நினைத்து ஓடிவிடாதீர்கள். ஆறாவது வாரத்திலும் சாயங்காலமானால் எனக்குச் செருப்பு வார் இறுகுகிறது. தினமும் கட்டிலில் உட்கார்ந்து கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதுகிறேன். ‘ஞ’ வரும்போது மட்டும் இன்னும் சுருக்கென்கிறது.