ஜீரோ ட்யூப்

மார்ச் 4
எம்ஆர்ஐ ஸ்கேனர்ல ராத்திரி ஸ்லாட்தான் கிடைச்சது. புற்றுநோய்க் கட்டிக்குள்ள ஆக்சிஜன் எவ்ளோன்னு ஃப்ளோரின் சிக்னலை வச்சு அளக்கணும், அதுக்கு முன்னாடி ட்யூப்ல சோதனை. அஞ்சு ட்யூப், ஆக்சிஜன் 0, 5, 10, 21, 100 சதவீதம். ஆக்சிஜன் ஏற ஏற சிக்னல் மீளுற வேகமும் நேர்கோட்டுல ஏறணும். நாலு அந்தக் கோட்டுல சமத்தா உக்காந்துடுச்சு. ஜீரோ மட்டும் கோட்டுக்கு மேல நிக்குது.

மார்ச் 5
மிச்ச ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் ஒரு மணி நேரம் விட்டேன். அப்பவும் மேலதான்.

மார்ச் 7
சித்தி போன். "நீ ஆக்சிஜன்தானே அளக்குற, எனக்கு விரல்ல மாட்டினா 98 காட்டுதுடி, நல்லதுதானே?" நல்லதுதான் சித்தின்னுட்டேன். அந்த கிளிப்பு ரத்தம் எவ்ளோ சுமந்துட்டு போகுதுன்னுதான் சொல்லும், சரக்கு எங்க இறங்குச்சுன்னு சொல்லாது, கட்டிக்குள்ள ரத்தக்குழாய் கோணல்மாணலா ஓடுது, நடுவுல செல்லுங்க மூச்சில்லாம கிடக்கும், அதுங்களை சாகடிக்க ரெண்டரை மூணு மடங்கு கதிர் வேணும், 1953லயே கிரே குழு எழுதி வச்சாச்சு. இதை எப்படி போன்ல சொல்றது.

மார்ச் 8
கைடு சார் இன்னும் தண்ணில கரையுற ஃப்ளோரின் பாலிமரைத்தான் கேக்குறாரு. ஃப்ளோரினைக் கூட்டினா சங்கிலியெல்லாம் சுருண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு டி2, அதாவது சிக்னல் தாக்குப்பிடிக்குற நேரம், குறைஞ்சு சிக்னல் செத்துடுது, குறைச்சா பாக்க சிக்னலே இல்ல. சரி கரைஞ்சே போகட்டும், சுத்தி தண்ணிதானே, அதுல ஆக்சிஜன் எவ்ளோ கரையும்? பெர்ஃப்ளூரோபாலிஈத்தர் எண்ணெய்னா ஆக்சிஜனை உறிஞ்சி வச்சுக்குது, உள்ள ஏற ஏற டி1, அதாவது சிக்னல் மீள ஆகுற நேரம், குறையுது, எவ்ளோ குறைஞ்சதுன்னு பாத்தா கணக்கு கைக்கு வந்துடும். அதான் எனக்கு அந்த எண்ணெய் மேல பாசம். அதைத் தண்ணில குட்டிக்குட்டி துளியா கலந்து எமல்ஷன் பண்றதுதான் நரகம்.

மார்ச் 9
ஜீரோ. தூக்கம் இல்ல.

மார்ச் 11
எலி ஸ்கேன்ல ஃப்ளோரின் சிக்னல்ல புதுசா ரெண்டு பீக். வயித்தைக் கலக்கிடுச்சு, பாலிமர் உடைஞ்சு போச்சுன்னு அரை மணி நேரம் சுவத்தையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் பாத்தா ஐசோஃப்ளூரேன்! மயக்க மருந்துலயே ஒரு மூலக்கூறுக்கு 5 ஃப்ளோரின். உடம்புல ஃப்ளோரின் பல்லுலயும் எலும்புலயும் இறுகிக் கிடக்கு, அது ஸ்கேன்ல தெரியாது, நாம போடுறது மட்டும்தான் தெரியும்னு எல்லாருக்கும் கிளாஸ் எடுக்குறவ நான். எலியைத் தூங்க வச்சதும் நான்தான்.

மார்ச் 13
குழாய்!! நைட்ரஜன் வர்ற சிலிகோன் குழாய். சிலிகோன் வழியா ஆக்சிஜன் சல்லடையில போற மாதிரி போகும். பத்து நாளா நைட்ரஜனோட காத்தையும் சேத்து நானே ஊதிட்டு இருந்திருக்கேன். சிரிச்சுட்டேன், கொஞ்சம் அழுதுட்டேன்.
ஆனா ஸ்கேனருக்குள்ள 37 டிகிரி நிக்கலன்னா அளவு தள்ளிப்போகுமே. அதை இன்னும் சரியா பாக்கல. ஆக்சிஜன் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழதான் எனக்கு வேண்டிய விஷயமே இருக்கு.

மார்ச் 14
சித்திக்கு கதிர் சிகிச்சை 17வது சிட்டிங் முடிஞ்சது. இன்னிக்கு 97ஆம். "ஒண்ணு ஏன்டி குறைஞ்சது?"ன்னு மூணு தடவை கேட்டாங்க.

மார்ச் 15
ஜீரோ ட்யூபை உறைய வச்சு, காத்தை இழுத்து, உருக விட்டு, மூணு ரவுண்டு. கண்ணாடியை உருக்கி மூடியாச்சு. ஸ்லாட் ராத்திரி 2 மணிக்கு.