பழைய சாயத்தின் மேல் கை வைக்காதீர்கள்

ஈயச் சிப்பாய்களைச் சேர்க்கத் தொடங்கும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "சாயம் உதிர்ந்திருக்கிறதே, புதுசா பூசிடலாமா?" என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். நூறு வருஷப் பொம்மையில் ஈயத்தைவிட அந்தச் சாயத்துக்குத்தான் மதிப்பு.

நான் அதிகம் தேடி வாங்குவது லண்டன் பிரிட்டன்ஸ் கம்பெனியின் சிப்பாய்களை. ஈயக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியதும் நடுவில் இருக்கும் குழம்பை வெளியே கொட்டிவிடும் முறையை 1893-இல் வில்லியம் பிரிட்டன் ஜூனியர் கொண்டுவந்தார். உள்ளே கூடாக இருந்ததால் ஈயம் மிச்சமானது, எடையும் குறைந்தது. அதுவரை சந்தையைப் பிடித்து வைத்திருந்த கெட்டியான ஜெர்மன் சிப்பாய்களைவிட மலிவாக விற்க முடிந்தது. 1966 வரை ஈயத்தில் செய்தார்கள்.

ஆனால் சாயம் பூச இயந்திரம் கிடையாது. பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பலர் வீட்டிலிருந்தபடியே, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிக்கொண்டு தூரிகையால் பூசினார்கள். என்னிடம் இருக்கும் லைஃப் கார்ட்ஸ் (பிரிட்டிஷ் அரச மெய்க்காவல் படை) குதிரை வீரர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வந்தவர்கள்தான். சிவப்புச் சட்டை, வெள்ளி மார்புக்கவசம், கறுப்புக் குதிரை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒருவனுக்கு மீசை நேராக இருக்கிறது, பக்கத்திலிருப்பவனுக்கு ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது, இன்னொருவனுக்குக் கண்புள்ளி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் அச்சாகவில்லை, அவர்கள் கைவேலை மட்டும் இருக்கிறது, அதன்மேல் நாம் புதுப் பெயிண்ட் அடித்தால் அதுவும் போச்சு. மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபண்ட்ரி என்று நம் ஊர்ப் படையையும் பிரிட்டன்ஸ் செய்தது. நம்மவர் முகத்துக்கு லண்டனில் ஒரு பெண் என்ன நிறம் குழைத்தார் என்பதைப் பழைய சாயத்தில்தானே பார்க்க முடியும்?

வாங்கும்போது அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் தேதி பெரும்பாலும் அந்த உருவத்துக்குக் காப்புரிமை பதிந்த தேதி, வார்த்த தேதி இல்லை; அதே அச்சு பல வருஷம் ஓடியிருக்கும், அதனால் "1901 சிப்பாய்" என்று யாராவது விலை சொன்னால் அவசரப்படாதீர்கள். தலை லேசாக ஆடினால் உள்ளே தீக்குச்சி இருக்கலாம். கழுத்து உடைந்ததும் தீக்குச்சியைச் செருகித் தலையை மாட்டுவது அந்தக் காலத்து வீடுகளில் சகஜம். விலை குறையும், சரி, ஆனால் யாரோ ஒரு குழந்தைக்காகச் செய்த அந்த ரிப்பேரைப் பிடுங்கி எறிய எனக்கு மனசு வராது.

அப்புறம், ஓக் மர அலமாரி வேண்டவே வேண்டாம். அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஈயம் சாம்பல் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும், சாயமும் சேர்ந்து உதிரும். கண்ணாடித் தட்டு போட்ட உலோக அலமாரி நல்லது. பொடி பூத்த சிப்பாயைப் பார்த்தால் உடனே தனியாக எடுத்து வையுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டவே விடாதீர்கள்.