ரீடைரக்ட் கேள்வியில் நான் இழந்த மதிப்பெண்

வெப் சர்வர் தேர்வில் எனக்குக் கைநழுவிய கேள்வி இது. உலாவி ‘/பாடம்/ஒன்று’ என்ற முகவரியைக் கேட்கிறது. சர்வர் 302 (‘இப்போதைக்கு வேறு முகவரிக்குப் போ’ என்னும் ரீடைரக்ட் எண்) அனுப்பி, போக வேண்டிய இடத்தைச் சொல்லும் லொகேஷன் ஹெடரில் வெறுமனே ‘இரண்டு’ என்கிறது. உலாவி எங்கே போகும்?

‘/பாடம்/ஒன்று/இரண்டு’ என்று எழுதிவிட்டு வந்தேன். சரியான விடை ‘/பாடம்/இரண்டு’. கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். கேட்ட முகவரி ‘/பாடம்/ஒன்று/’ என்று முடிந்திருந்தால் என் விடையே சரி. ஒரே ஒரு சாய்கோடு!

அப்புறம் படிக்கும் முறையை மாற்றினேன். தாளில் மூன்று நெடுவரிசை: கேட்ட முகவரி, லொகேஷனில் வந்தது, நான் நினைக்கும் விடை. மூன்றையும் எழுதிய பிறகே சொந்தக் கணினியில் சர்வரை ஓட்டிப் பார்ப்பேன். சர்வர் அனுப்பியதை கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி காட்டும்; உலாவி அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை முகவரிப் பட்டை காட்டும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

லொகேஷனில் ‘/இரண்டு’ என்று வந்தால் எளிது, டொமைன் அப்படியே நிற்கும், பாதை முழுவதும் மாறும். ஆனால் ‘//’ என்று தொடங்கினால் டொமைனே மாறிவிடும். லாகின் முடிந்ததும் பயனர் தந்த முகவரிக்கு அனுப்பும் நிரலில், ‘/’ என்று தொடங்குகிறதா என்று மட்டும் சோதித்தால் போதாது; ‘//’ என்பதும் அந்தச் சோதனையில் தேறிவிடும். யாரோ ஒருவருடைய தளத்துக்கு நம் பயனரை நாமே அனுப்பி வைத்ததாகிவிடும்.

குறிப்புகள் எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்றும் கவனியுங்கள். 1999இல் வந்த ஆர்எஃப்சி 2616 (எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆவணம்), லொகேஷனில் டொமைனோடு கூடிய முழு முகவரிதான் வர வேண்டும் என்றது. 2014இல் ஆர்எஃப்சி 7231, ‘இரண்டு’, ‘/இரண்டு’ போன்ற சார்பு முகவரியையும் ஏற்றுக்கொண்டது. பழைய குறிப்பை நம்பினால் தவறான விடையை உறுதியாக எழுதுவோம்.

செய்முறையில் என்னை அதிகம் அலைக்கழித்தது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். நாம் ‘/இரண்டு’ என்று எழுதினாலும், இயல்பாக அது முழு முகவரியாக்கியே அனுப்பும். முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ஒரு ப்ராக்ஸி இருந்தால், உள்ளே ஓடும் 8080 போர்ட் வெளியே தெரிந்துவிடும். எச்டிடிபிஎஸ் போய் எச்டிடிபி வந்து நிற்கும். கான்ஃபிக் என்னும் அமைப்புக் கோப்பில் ‘ஆப்சல்யூட்_ரீடைரக்ட் ஆஃப்’ என்று கொடுத்தால் சார்பு முகவரியாகவே போகும். 1.11.8 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

பயிற்சியின்போது நிரந்தர ரீடைரக்டான 301 வேண்டாம், 302 போதும். 301ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். கான்ஃபிகைத் திருத்திய பிறகும் பழைய முகவரிக்கே போவதைப் பார்த்து, ஒரு மாலை முழுக்க சரியான வரியைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன்.