துண்டுக் களவு: எழுதும் நாட்களின் குறிப்பு

பெப்ரவரி 24

இலங்கை மலையகத்து அட்டனில் பனி விலகவே பத்து மணி ஆகிவிட்டது. முதல் அத்தியாயத்தை மூன்றாம் முறையாகக் கிழித்தேன். என் மாயக் கதையில் ஊர் ஒதுக்கிய ஐந்து பேர் சேர்ந்து ஓர் இரத்தினக்கல்லைத் திருடப் போகிறார்கள். சரி, திருடட்டும். ஆனால் கொழுந்துக் கூடையோடு மலையேறுகிறவளுக்கு இரத்தினக்கல் எதற்கு? விற்கப் போனால் அன்றே பிடிபடுவாள்.

மார்ச் 2

எதைத் திருடுவது என்று தெரிந்துவிட்டது. துண்டு! இன்ன கடன் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு. பணத்தைப் புதுத் தோட்டம் கட்டும். ஆனால் அதுவும் ஆட்களின் கணக்கில்தான் ஏறும். மலை மாறினாலும் கடன் கூடவே வரும். 1921இல் சட்டம் போட்டுத்தான் ஒழித்தார்கள்.

இதற்கு மேல் மாயம் நான் என்ன சேர்ப்பது? துண்டில் பெயர் ஏறியவரின் நிழல் தோட்டத்து எல்லைக்கல்லில் மாட்டிக்கொள்ளும். அது போதும்.

மார்ச் 5

இரவெல்லாம் காமன் கூத்துச் சத்தம். அதிலிருந்தே ஒருவனைப் பிடித்தேன்: ரதி வேஷம் கட்டுகிறவன். சேலையை அவிழ்த்த பிறகும் ஊர் அவனைக் கேலி செய்வதை நிறுத்தாது. அப்புறம், வேலை போன கணக்குப்பிள்ளையின் மகன். துரை கையெழுத்தை அப்படியே போடுவான். விரல் முடங்கியதால் நாள்தோறும் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, வாங்கும் ஒருத்தி. ஓடிப்போய்ப் பிடிபட்ட ஒரு சிறுமி. கடைசியாக, விடியலில் தப்புப் பறை முழக்கி ஆட்களை எழுப்பும் தப்படிக்கிறவர்.

இவரை எழுதும்போது மட்டும் கை நடுங்கியது. துரைக்கு எல்லாரும் கூலிதான். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள்தான் தப்படிக்கிறவருக்குத் தனிக் குவளை. அதை மறைத்துவிட்டு ஒதுக்கப்பட்டவர்கள் கதை எழுதினால் அது பொய்.

மார்ச் 9

களவுக் கதையில் வாசகருக்கு முன்கூட்டியே சொன்ன திட்டம் நடக்கக் கூடாது. நடந்தால் ஒரே கதையை இரண்டு தடவை சொன்ன மாதிரி இருக்கும். அதனால் ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், ஜன்னல் வழியாக நுழைவதாகச் சொல்லிவிட்டு, அங்கே காவல்காரனை நிறுத்திவிட்டேன்.

உண்மையான வழி மாடியில் இருக்கிறது. கொழுந்தை இரவெல்லாம் மேலே வாட்டி, விடியுமுன் ஒரு துவாரத்தின் வழியாகக் கீழே அரைக்கும் மிஷினுக்குத் தள்ளுவார்கள். சிறுமி அதில் சறுக்கி இறங்குகிறாள். அந்த நேரத்தில் ரோதை, அதாவது அந்த மிஷின், நின்றிருக்க வேண்டும். தப்பு ஒரு மணி முன்னதாகவே முழங்குகிறது. தூக்கக் கலக்கத்தில் ஸ்டோர் ஆட்கள் உட்பட எல்லாரும் பனிக்குள், காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்கு ஓடுகிறார்கள். ஸ்டோரைக் காக்கும் சாமியான ரோதமுனி மட்டும் அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. (இந்த இடத்தை எழுதியபோது நானே கதவைத் திரும்பிப் பார்த்தேன்.)

மார்ச் 11

அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றபடி முழுக்கக் கேட்டது. "ஏன்டி, சீட்டக் களவாண்டா கடன் போயிருமா? கங்காணி மனசுல கணக்கு இருக்குமே. விடிஞ்சா வேற எழுதிருவான்."

இருநூறு பக்கம் போச்சு.

மார்ச் 12

போகவில்லை. சிறுமி எதையும் எடுத்து வர வேண்டாம், உள்ளே வைத்துவிட்டு வந்தால் போதும். துரையின் கையெழுத்தோடு புதுத் துண்டுகள், தொகை இருக்கும் இடத்தில் சுழி. கங்காணி மனக்கணக்கை ஒப்பித்தாலும் துரை காகிதத்தைத்தான் நம்புவார். அதிலும் அது தன் கையெழுத்து! அம்மாயியிடம் சொன்னேன். "ம்" என்றது. அதுவே பெரிய விஷயம்.

மார்ச் 14

நேற்றிரவு காமனை எரித்தார்கள். இன்று உட்கார்ந்து, கணக்குப்பிள்ளை மகன் ஐந்து துண்டுகளை எழுதும் இடத்தைத் தொடங்கினேன். நான்கு பெயர்களை எழுதிவிட்டான். ஐந்தாவது தப்படிக்கிறவருடையது. அவருக்கு நான் இதுவரை பெயரே வைக்கவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினேன். எல்லா இடத்திலும் "தப்படிக்கிறவர்" என்றுதான் இருக்கிறது.