தூர் வாரியதில் வந்த ஊர்

ஊரிலிருந்து யார் துபாய்க்கு வந்தாலும் அவர்களைச் சுற்றிக்காட்ட என்னிடம் ஒரு ஓட்டம் தயாராக இருக்கும். புர்ஜ் கலீஃபா, துபாய் மால், மாலையில் ஃபவுண்டன், மறுநாள் பாலைவன சஃபாரி, அதற்கு அடுத்த நாள் அபுதாபி பெரிய மசூதி, கடைசி நாள் தேராவில் தங்கமும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு ஏர்போர்ட். பதினோரு வருடமாக இதேதான், எனக்கே சலித்துப் போய்விட்டது. போன ஜனவரியில் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தப்பா மன்னார்குடி பக்கம் நெல் விவசாயம், ஊரை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் வெளியே இருந்ததில்லை. அவரை வைத்துக்கொண்டு என் ஓட்டம் ஒரு நாளைக்குமேல் ஓடவில்லை.

முதல் நாள் புர்ஜ் கலீஃபாதான். 828 மீட்டர், 2010 ஜனவரியில் திறந்தார்கள், சாதாரண டிக்கெட்டுக்கு 124-ஆம் மாடி வரை விடுவார்கள். சூரியன் மறைகிற நேரத்துக்கு விலை கூட, அதனால் நான் எப்போதும் காலையில்தான் போடுவேன், கூட்டமும் குறைவு. (இந்தக் கட்டிடத்தில் மேல்மாடிக்காரர்களுக்கு ரமலானில் நோன்பு திறக்க இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குச் சூரியன் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்வேன், எல்லோரும் ரசிப்பார்கள்.) சித்தப்பா கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார், “ஏன்டா, ஆறு ஒண்ணையும் காணோமே, இவ்வளவு சனத்துக்குத் தண்ணி எங்கேருந்துடா வருது?”

கடலிலிருந்துதான், ஜெபல் அலியில் உப்பைப் பிரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள் என்றேன். அவருக்கு அது ஒப்பவில்லை. அப்படியானால் கடல்நீரைக் குடிநீராக்கத் தெரியாத காலத்தில் இங்கே எப்படி ஆள் இருந்தான்? நல்ல கேள்வி. ஃபவுண்டனை விட்டுவிட்டு மெட்ரோவில் பழைய துபாய்க்குக் கிளம்பினோம். வழியில் சித்தி பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்ததும் நான் பாய்ந்து மூடினேன். மெட்ரோவில் எதையும் தின்னக்கூடாது, பிடித்தால் 100 திர்ஹம் அபராதம். “முறுக்குக்குக் கூடவாப்பா?” என்று சித்தி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

க்ரீக்கின் பர்துபாய் கரையிலிருந்து எதிர்க்கரையான தேராவுக்கு அப்ராவில் போக ஒரு திர்ஹம். மரப்படகு, நடுவில் பலகை, இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும், கைப்பிடி கிடையாது. துபாயில் இதைவிட மலிவான, இதைவிட நல்ல சவாரி இல்லை என்பது என் கருத்து. க்ரீக் என்று நாம் சொல்வது ஆறு இல்லை, கடல் உள்ளே நுழைந்து வந்த கழி. முத்துக்குளிப்பும் படகு வியாபாரமும் இதை வைத்துத்தான் நடந்தன. 1950-களில் இது மணல் சேர்ந்து தூர்ந்துபோய்ப் பெரிய படகுகள் உள்ளே வரமுடியாமல் ஆகிவிட்டது. துபாய் ஆட்சியாளர் ஷேக் ராஷித் குவைத்தில் கடன் வாங்கித் தூர் வாரினார். எண்ணெய் கிடைத்தது 1966-இல், அதற்கும் முன்பே இந்த வேலை முடிந்துவிட்டது. சரக்குப் படகுகள் திரும்ப வந்தன, வியாபாரம் வந்தது. இதைப் படகுச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன். சித்தப்பா இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். “தூர் வாரினதுலயா? கடன் வாங்கியா?” வருடாவருடம் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர் வாரவில்லை என்று மனு எழுதிக் கொடுக்கிற மனிதர் அவர். ஒரு திர்ஹம் கொடுத்து திரும்ப ஒருமுறை ஏறினார்.

அன்றைக்குத் தங்கக் கடைத்தெருவில் 64 கிலோ மோதிரத்தைச் சித்தி பார்த்தார், ஃபோட்டோ எடுத்தோம், அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

க்ரீக் உள்ளே போய் முடிகிற இடத்துக்கு ராஸ் அல் கோர் என்று பெயர். கோர் என்றால் கழி, ராஸ் என்றால் தலை. அங்கே குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். நகரத்துக்கு நடுவில், நெடுஞ்சாலைக்கு ஓரத்தில், மறைவான குடில்களிலிருந்து பார்க்கலாம், காசு கிடையாது. பின்னணியில் புர்ஜ் கலீஃபா நிற்கும், ஃபோட்டோ எடுப்பவர்களுக்கு அதுதான் குறி. சித்தப்பா கோடியக்கரையில் பூநாரை பார்த்தவர் என்பதால் பறவையை விட்டுவிட்டுச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சஃபாரியும் போனோம், அதையும் சொல்லிவிடுகிறேன். டயரில் காற்றை இறக்கிவிட்டு மணல்மேட்டில் ஏற்றி இறக்குவார்கள். எங்கள் டிரைவர் மெதுவாக ஓட்டுங்கள் என்றால் வேகமாக ஓட்டுகிற ரகம். மூன்றாவது மேட்டில் சித்திக்கு வாந்தி. முன்பதிவில் சைவச் சாப்பாடு தனியாக உண்டு என்று சொன்ன கம்பெனி, முகாமில் பருப்பும் சோறும் மட்டும் வைத்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களை இதில் ஏற்றாதீர்கள், மணலைப் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் அல் குத்ரா பக்கம் காரை ஓட்டிப்போய் ஒரு மேட்டில் உட்கார்ந்தாலே போதும்.

அபுதாபியை இந்த முறை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக அல் ஐன். ஒன்றரை மணி நேரக் கார்ப்பயணம், காலை ஏழுக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பலாம். அல் ஐன் என்றாலே ஊற்று என்றுதான் பொருள். ஊருக்கு நடுவில் சுமார் 1,200 ஹெக்டேரில் பேரீச்சந்தோப்பு, ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. நுழைவுக் கட்டணம் கிடையாது. மண்சுவர்களுக்கு நடுவில் நிழலான பாதை, மரத்தடியில் எலுமிச்சை, மா, வாழைகூட இருக்கிறது.

பாதையோரம் ஓடுகிற குறுகலான வாய்க்காலுக்கு ஃபலஜ் என்று பெயர். மலையடிவாரத்தில் கிணறு வெட்டி, அங்கிருந்து பூமிக்கு அடியிலேயே மிக லேசான சரிவில் சுரங்கம் தோண்டி, தண்ணீர் தானாகவே ஊர்வரை நடந்து வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள். மேலே வெயில், கீழே ஆவியாகாத தண்ணீர். இந்தப் பக்கத்தில் சுமார் 3,000 வருடப் பழைய ஃபலஜ்கூடத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவார்கள், மடையை அடைத்துத் திறந்து.

அந்த ‘முறை’ என்ற சொல் காதில் விழுந்ததும் சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்கால் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மடையைத் தடவிப் பார்த்தார். தோப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாகிஸ்தான்காரரிடம் கையாலேயே ஏதோ கேட்டார், அவரும் மண்வெட்டியைச் சாய்த்துக் காட்டிக் கையாலேயே பதில் சொன்னார், நாற்பது நிமிடம். நிலத்தடி நீர் இறங்கிப்போனதால் இப்போது பெரும்பாலும் போர்த் தண்ணீரை இறைத்துத்தான் வாய்க்காலில் விடுகிறார்கள் என்று நான் சொன்னபோது மட்டும் முகம் வாடியது. “இங்கேயுமா?”

மாலையில் ஜெபல் ஹஃபீத் ஏறினோம். மலைப்பாதை அருமை, உச்சியில் காற்று பிய்த்தெடுக்கும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அடிவாரத்தில் முபஸ்ஸராவில் வெந்நீர் ஊற்று, வாய்க்காலில் காலை விட்டு உட்காரலாம், சித்தியின் முட்டிவலிக்கு அதுதான் இந்தப் பயணத்திலேயே உருப்படியான செலவு, அதுவும் இலவசம்.

ஹத்தா அணைக்கு நேரம் போதவில்லை. அங்கே பகலில் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மலைமேல் ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிற 250 மெகாவாட் திட்டம் இருக்கிறது என்று சொன்னதிலிருந்து, அதைப் பார்க்காமல் போகிறேனே என்று சித்தப்பா ஏர்போர்ட் வரை புலம்பினார்.

அடுத்த மாதம் மச்சான் குடும்பம் வருகிறது. வாய்க்கால், பூநாரை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சஃபாரிதான் வேண்டுமாம். வாந்திக்குக் கவர் எடுத்து வைத்திருக்கிறேன்.