நைத்திரேற்று 12 எண்டா எவ்வளவு?

யாழ்ப்பாணத்தில எங்கட பக்கம் கிணத்துத் தண்ணியை அளக்காத ஆக்கள் குறைவு. கம்பஸ் பெடியள் ஃபைனல் இயர் ப்ரொஜெக்ற்றுக்குப் போத்திலோட கோண்டாவில், இணுவில், சுன்னாகம் எண்டு தோட்டக் கிணறு கிணறாத் திரியிறது வழமையா நடக்கிற விசயம், ஏனெண்டா கீழ சுண்ணாம்புக்கல்லு, மேல வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுற உரம், அது மழையோட இறங்கித் தண்ணிக்குள்ள நைத்திரேற்றா நிக்குது. இவ்வளவு பேர் அளந்தும், பத்து வருச நிலவரத்தை ஒரே வரைபில போட்டுக் காட்டுங்கோ எண்டா ஏலாமக் கிடக்கு. டேட்டா இல்லாமல் இல்லை, ஒவ்வொருத்தற்ற பென் ட்ரைவிலயும் ஒவ்வொரு கோலத்தில கிடக்கு.

அப்பிடி ஒரு பழைய எக்செல் ஃபைலை ஒரு தங்கச்சி கொண்டு வந்தா. "அண்ணை, இதையும் என்ர டேட்டாவோட சேக்கலாமோ?" எண்டு கேட்டா. திறந்தா கொலத்தின்ர, அதாவது நிரலின்ர, தலைப்பு வெறும் 'நைத்திரேற்று'. கீழ 12, 9.4, 31, 0, ஒரு பெட்டி வெறுமை. அலகு இல்லை.

சரி, லீற்றருக்கு 12 மில்லிகிராம் எண்டே வைப்பம். எதின்ர 12? முழு நைத்திரேற்று அயனையும் சொல்லுறதெண்டா உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு வைச்ச எல்லை 50, பிரச்சினை இல்லை, குடிக்கலாம். அதுக்குள்ள இருக்கிற நைதரசனை மட்டும் கணக்கெடுத்த 12 எண்டா அதை 4.43 ஆல பெருக்க வேணும், 53 வருது, எல்லையைத் தாண்டிட்டுது. கருவியள் ரெண்டு விதமாயும் காட்டும். அந்த 0 வும் அப்பிடித்தான், உண்மையாவே நைத்திரேற்று இல்லையோ, இல்லாட்டி கருவியால பிடிக்கேலாத அளவுக்குக் கொஞ்சமா இருந்ததோ? அளந்த ஆள் இப்ப வெளிநாட்டில. ஊர்ப் பேர் கொலம் வேற பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்டில அடிச்சது, ஃபொண்ட் இல்லாத கொம்பியூட்டரில அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்குது.

இந்தப் பிரச்சினையை வானியல்காரர் எப்பவோ தீர்த்திட்டினம். ஃபிட்ஸ் எண்டு ஒரு ஃபோர்மற், 1981 இல வெளியிட்டது, படத்துக்கு முன்னால அதே ஃபைலுக்குள்ளயே 80 எழுத்து 80 எழுத்தா வரியள் இருக்கும், எந்தத் தொலைநோக்கி, எப்ப எடுத்தது, என்ன அலகு எண்டு மனுசர் வாசிக்கிற மாதிரி. அதைவிட எனக்குப் பிடிச்சது அவையின்ர ஒரு விதி, புதுப் பதிப்பு எது வந்தாலும் பழைய ஃபைல் செல்லாமப் போகக்கூடாது. இதே மாதிரி ஃபோர்மற்றுகள் மற்றவைக்கும் இருக்கு, காலநிலை ஆக்களுக்கு நெற்சிடிஎஃப், பெரிய டேட்டாக்காரருக்கு எச்டிஎஃப்5, பளிங்கு (கிறிஸ்டல்) ஆராயிறவைக்கு 1991 இலயிருந்து சிஐஎஃப். எல்லாத்திலயும் விபரம் டேட்டாவோட ஒட்டித்தான் போகும், பிரிஞ்சு துலையாது.

உடன எச்டிஎஃப்5 க்கு மாறுவம் எண்டு சிலர் சொல்லுகினம். என்னைக் கேட்டா அம்பது கிணத்துக்கு அது தேவையில்லை, திறக்கவே பைதன் எண்ட கொம்பியூட்டர் மொழி தெரிய வேணும் எண்டா எங்கட பெடியள் பழையபடி எக்செலுக்குத்தான் ஓடுவினம். எக்செலை மட்டும் நம்பவும் ஏலாது, செப்1 எண்டு சுருக்கி எழுதுற மாதிரி இருந்த ஜீன் பேருகளை அது செப்ரெம்பர் 1 ஆக்கி ஆக்கி, கடைசியில 2020 இல ஜீனுகளின்ர பேரையே மாத்தினவை. அதை நிப்பாட்டிற வசதி எக்செலுக்குள்ள வந்தது 2023 இல, அதுவும் ஆக்கள் கனக்கக் கத்தின பிறகு.

நான் சொல்லுறது சாதாரண சிஎஸ்வி, கொமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல், எந்தக் கொம்பியூட்டரிலயும் தமிழ் தமிழாவே தெரியிற யூனிகோட்டில. பக்கத்தில ஒரு ரெக்ஸ்ற் ஃபைல், ஒவ்வொரு கொலமும் என்ன, என்ன அலகு, என்ன கருவி, எவ்வளவுக்குக் கீழ அதால பிடிக்க ஏலாது, வெறுமை எண்டா என்ன அர்த்தம். திகதி 2019-03-04 எண்டு வருசம் முன்னுக்கு, இல்லாட்டி மார்ச்சோ ஏப்ரலோ எண்டு சண்டை. இடத்துக்கு ஜீபிஎஸ் எண், ஏனெண்டா 'கோயிலடிக் கிணறு' எண்டு எழுதி வைக்கிறாங்கள், யாழ்ப்பாணத்தில கோயில் இல்லாத ஒழுங்கையைக் காட்டுங்கோ பாப்பம்.

பிறகு ரெண்டையும் ஸெனோடோ எண்ட ஆராய்ச்சி டேட்டாத் தளத்தில ஏத்தலாம், ஐரோப்பாவின்ர சேர்ண் ஆராய்ச்சி நிலையம் நடத்துறது, காசில்லை, மற்றவை மேற்கோள் காட்டுறதுக்கு டிஓஐ எண்ட நிரந்தர எண்ணும் கிடைக்கும். இதைச் சொன்ன உடன சேர்மார் சொல்லுற பதில் ஒண்டுதான், "வேற ஆக்கள் எடுத்துப் பேப்பர் போட்டிடுவினம்." நியாயமான பயம். அதுக்குத்தான் எம்பார்கோ இருக்கு, ஒரு திகதி குடுத்தா அதுவரைக்கும் ஃபைல் பூட்டித்தான் கிடக்கும், விபரம் மட்டும் வெளியில தெரியும், தங்கச்சி மாதிரி ஆக்கள் மெயில் போட்டாவது கேக்கலாம்.