காருக்குள் தண்ணீர்: ஒழுகலைத் தேடிய நாட்குறிப்பு

அக்டோபர் 6

காலையில் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பனி பிடித்திருந்தது. ஏசி போட்டால் மறைகிறது, மறுநாள் மறுபடி வந்து நிற்கிறது. கூடவே காயாத துணி வாடை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால் கால்மிதி மேட்டைத் தூக்கித் தடவினேன். கார்பெட் மேலே காய்ந்துதான் இருக்கிறது. முழங்காலை ஊன்றியதும் பேன்ட் நனைந்துவிட்டது. தண்ணீர் இருப்பது கார்பெட்டில் இல்லை, அதன் அடியிலுள்ள ஃபோமில்.

எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் இது எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டும். காருக்குள் மூன்று வகைத் தண்ணீர் வரலாம்: மழைத் தண்ணீர், ஏசித் தண்ணீர், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்). வெள்ளை டிஷ்யூவை ஃபோமில் அழுத்தி எடுத்தேன். நிறமில்லை, விரலில் பிசுபிசுப்பு இல்லை, இனிப்பு வாடையும் இல்லை. அப்படியென்றால் கூலன்ட் இல்லை, அது ஓடும் ஹீட்டர் காயில் தப்பித்தது. (சந்தேகம் தீர நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். மூக்கும் விரலும் போதும்.)

அடுத்து ஏசி. வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஏசியை ஓடவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். கூலிங் காயிலில் சேரும் தண்ணீர் எப்போதும்போல வண்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றும் குழாய் அடைத்திருந்தால் இந்தச் சொட்டு நின்று, தண்ணீர் உள்ளே கார்பெட்டில் இறங்கியிருக்கும். ஆக, மிச்சம் மழைதான்.

அக்டோபர் 8

சீட்டைக் கழற்றினேன். அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்தேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதில் அவசரமே கூடாது.

கதவோரப் பிளாஸ்டிக்கை மேல்நோக்கி இழுத்ததும் கார்பெட்டின் விளிம்பு விடுபட்டது. அடியில் இருக்கும் ஃபோம் இரண்டு விரல் கனம். ஓரத்தைப் பிழிந்தேன், பிழியப் பிழிய வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு தண்ணீர் மேலே ஹேர் டிரையர் காட்டினால் காயாது. வெயிலில் கதவைத் திறந்துவைத்தாலும் மேல்தோல்தான் காயும். ஈரம் உறிஞ்சும் வேக்குவம் வைத்து இழுத்தேன், பிறகு கார்பெட்டுக்கும் தரைத் தகட்டுக்கும் நடுவில் மரத்துண்டுகளைச் செருகி, ஃபேனின் காற்று அடியில் போகும்படி வைத்திருக்கிறேன்.

தரைத் தகட்டை ஒட்டி ஒரு வயர்க் கட்டு ஓடுகிறது. அதன் துணி டேப் முழுக்க ஈரம். ஒரு கப்ளரைப் பிரித்தால் ஒரு பின்னின் அடியில் பச்சைப் பொடி. செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. தரை ஈரத்தை வெறும் வாடைப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இந்தப் பச்சையை ஒரு தடவை பார்க்க வேண்டும். இன்று வாடை, நாளை ஏதோ ஒரு விளக்கு காரணமில்லாமல் எரியும், அப்புறம் எந்த மெக்கானிக்காலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாத கோளாறு. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பிரஷ்ஷால் தேய்த்து வைத்தேன்.

அக்டோபர் 9

மழை இல்லை. ஃபேன் ஓடுகிறது. வெறும் தகட்டின் மேல் செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறேன். முதல் சொட்டு எங்கே விழுந்தாலும் கறை காட்டிக்கொடுக்கும்.

அக்டோபர் 12

மழைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, தம்பியை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து ஹோஸைப் பிடித்தேன். இதற்கு ஒரு முறை உண்டு. கீழிருந்து மேலே போக வேண்டும். கூரையில் தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எங்கிருந்து உள்ளே புகுந்தது என்று சொல்லவே முடியாது. முதலில் கதவின் அடிப்பாகம், பிறகு கதவுக் கண்ணாடி ஓரம், பிறகு முன் கண்ணாடியின் அடி, கண்ணாடி ஓரங்கள், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நின்று, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்தது. பிரஷர் வாஷர் வேண்டாம். மழை அந்த வேகத்தில் அடிப்பதில்லை, நல்ல பீடிங்கையும் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்) அது தாண்டிவிடும்.

கதவின் அடிப்பாகத்தில் ஒன்றுமில்லை. கண்ணாடி ஓரத்துக்கு ஹோஸை உயர்த்திக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், உள்ளேயிருந்து குரல்: "அக்கா, நிறுத்தாத, அப்படியே பிடி. டோர் பேடுக்கு அடியில வருது."

நானும் குனிந்து பார்த்தேன். டோர் பேடின் (கதவின் உள்பக்க உறை) கீழ் விளிம்பில் ஒரு சொட்டு திரள்கிறது, கனக்கிறது, விழுகிறது. விழுந்த இடம் பீடிங்குக்கு உள்பக்கம். அங்கிருந்து கதவோரத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய கோடாக ஓடி, வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்த் தரையில் சேர்கிறது. ஈரம் தெரிந்தது முன்பக்கம், ஒழுகுவது கதவில். பீடிங்கை மாற்றியிருந்தால் வீண் செலவுதான் மிஞ்சியிருக்கும், அது ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 13

டோர் பேடைக் கழற்றினேன். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறே இல்லை. ஏறி இறங்கும் கண்ணாடியைச் சுற்றி நூறு சதவீதம் அடைக்க முடியாது. கண்ணாடியோடு வழியும் தண்ணீரில் ஒரு பங்கு கதவின் வயிற்றுக்குள் இறங்கும், அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போகும். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் திரை. அதைச் சுற்றி ஓடும் கருப்புப் பசை பியூட்டில். அது எளிதில் இறுகாது, நெடுநாள் ஒட்டும் தன்மையிலேயே இருக்கும். கழற்றி மறுபடி ஒட்டவும் விடும், ஆனால் தூசு படாத வரைக்கும்தான்.

என் கதவில் திரையின் கீழ்மூலை தொங்கிக்கொண்டிருந்தது. முன்பு ஒரு பட்டறையில் ஸ்பீக்கர் மாற்றினார்கள். திரையைக் கிழித்துப் பிரித்து, பசையில் மண் ஒட்டியபடியே அழுத்திவிட்டுப் பேடை மூடியிருக்கிறார்கள். அந்த மடிப்பு ஒரு புனலாக வேலை செய்து தண்ணீரை நேராக உள்ளே விட்டிருக்கிறது. கதவைத் திறந்து எந்த வேலை செய்யக் கொடுத்தாலும் பேடை மூடும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய பசையைச் சுரண்டி, தகட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புது பியூட்டில் டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டினேன். கிழிசலுக்கு உள்ளும் புறமும் பிளாஸ்டிக் டேப். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி ரோலரால் அழுத்தினால் நன்றாகப் பிடிக்கிறது. சிலிகான் வேண்டாம் என்று தம்பியோடு ஒரு சிறு சண்டை. வினிகர் வாடை வருகிற சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், தகட்டுக்கு அது ஆகாது. அதோடு சிலிகான் படிந்த இடத்தில் பிறகு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது.

கதவடி ஓட்டைகளில் மண் கட்டி. பிளாஸ்டிக் கம்பியால் குத்தியதும் கருப்பாகக் கொஞ்சம் தண்ணீர் வடிந்தது.

அக்டோபர் 14

கதவில் மறுபடி ஹோஸ். சொட்டு இல்லை. சரி என்று மேலே போய் முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் விட்டேன். செய்தித்தாளில் புதுக் கறை, இந்த முறை ஏசி ஃபேனுக்கு நேர் கீழே! ஒரு காருக்கு ஒரே ஒழுகல்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அக்டோபர் 15

வைப்பர் கைகளை எடுத்தேன் (எடுக்கும் முன் கண்ணாடியில் டேப் ஒட்டி அவை நிற்கும் இடத்தைக் குறித்துவைத்தால் திரும்ப மாட்டும்போது தலைவலி இல்லை). பிளாஸ்டிக் மூடியைத் தூக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. இலை, பூக்காம்பு, மண், எல்லாம் மக்கி ஒரு விரல் உயரத்துக்குச் சேறு. அதில் ஒரு விதை முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது, வெளிச்சத்தைத் தேடி வெளுத்துப்போன தண்டோடு.

அந்தப் பள்ளம் வீட்டுத் தாழ்வாரத்தின் தகரக் கால்வாய் மாதிரி. கூரையின் முன்பாதி, முன் கண்ணாடி, இரண்டிலும் விழும் மழை அங்கேதான் சேருகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இரண்டு சதுர மீட்டர் பரப்பில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 40 லிட்டர் அந்தப் பள்ளத்தின் வழியாக இறங்க வேண்டும். வடிகால் ரப்பரின் வாயில் சேறு அடைத்தால் தண்ணீர் மட்டம் உயரும். உயர்ந்தால் பக்கத்திலேயே இருக்கிறது ஏசிக்கு வெளிக்காற்று இழுக்கும் வாய். அதற்குள் வழிந்து, கேபின் ஃபில்டரை நனைத்து, ஃபேன் வழியாகக் காலடிக்கு வருகிறது. ஃபில்டரை உருவிப் பார்த்தேன். அடி ஓரம் முழுக்கப் பழுப்புக் கறை, காய்ந்து விறைத்திருந்தது. வாடையின் பாதி அதிலிருந்துதான்.

சேற்றைக் கையால் அள்ளினேன். தண்ணீர் பீய்ச்சித் தள்ளியிருந்தால் எல்லாம் வடிகாலுக்குள்ளேயே போய் இறுகியிருக்கும். வடிகால் ரப்பரைப் பிதுக்கிச் சுத்தம் செய்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். உடனே சக்கரத்துக்குப் பின்னால் கீழே கொட்டியது. புது ஃபில்டர் போட்டாயிற்று.

கதவிலும் சரி, இங்கேயும் சரி, கார் தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவைக்கப் பார்ப்பதில்லை. உள்ளே விட்டு வழியனுப்புகிறது. அதனால் சீலன்ட் டியூபைக் கையில் எடுக்கும் முன் வழி அடைத்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 19

விஷயம் காதில் விழுந்து சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, என் வண்டி டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில குளம் கட்டியிருக்கு, வந்து பாரேன்."

அவர் காரில் சன்ரூஃப் (கூரையில் திறக்கும் கண்ணாடி) உண்டு. சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரும் முழுசாகத் தண்ணீரைத் தடுப்பதில்லை. உள்ளே வருவதை ஒரு தட்டு பிடிக்கிறது, அதன் மூலைகளிலிருந்து குழாய்கள் தூண்களுக்குள் இறங்குகின்றன. திறந்து ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டோம். எல்லாம் கீழே ஒழுங்காக வந்தது. அடைத்திருந்தாலும் கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் விடக் கூடாது. உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் கூரைத் துணியை இறக்கித்தான் மாட்ட முடியும். மெல்லிய நைலான் கம்பிதான் நல்லது.

சித்தப்பாவுக்கு சன்ரூஃப் மேல்தான் சந்தேகம், நான் விடவில்லை. ஜன்னல் எல்லாம் மூடி, ஃபேனை முழு வேகத்தில், வெளிக்காற்று இழுக்கும் நிலையில் வைத்தேன். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் ஏறும். வெளியே ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர். பின்கதவு ரப்பர் ஓரம் அடித்தேன், ஒன்றுமில்லை. பின் விளக்கின் மேல் விளிம்பில் அடித்ததும் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. விளக்கைக் கழற்றினால் அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ஸ்பாஞ்ச் கேஸ்கட் நசுங்கி ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பம்பருக்குப் பின்னாலும் நுரை வரும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேற அங்கே மடல் வைத்த திறப்புகள் உண்டு. காற்று வெளியே வருவது அதன் வேலை.

கேஸ்கட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. அதுவரை ஸ்டெப்னிக் குழியின் அடியிலுள்ள ரப்பர் மூடியைத் திறந்து வடித்துவிட்டோம்.

அக்டோபர் 23

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலையில் செய்தித்தாளை எடுத்தேன், மொறமொறவென்று இருந்தது. ஃபோமும் ஆழம் வரைக்கும் காய்ந்துவிட்டது. நடுவில் டிஷ்யூவை வைத்து மேலே ஏறி நின்றும் பார்த்தேன். தகட்டில் பெயின்ட் உரிந்திருந்த ஒரு இடத்தைத் தேய்த்து துரு தடுக்கும் பிரைமர் அடித்தாயிற்று.

அக்டோபர் 24

கார்பெட்டை இறக்கி, சீட்டை மாட்டி, கடைசியாக பேட்டரியை இணைத்தேன். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது. கதவோரப் பிளாஸ்டிக்கில் ஒரு கிளிப் உடைந்துபோனது, சித்தப்பாவின் கேஸ்கட் வரும்போது அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.